ஒன்றே முக்கால் லட்சமும் ஒரு 'சரி'யும்: சொசைட்டி மினிட்ஸுக்கு ஏஐ, 14 மாத அனுபவம்

மும்பை செம்பூரில் 42 வீடுகள் உள்ள எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு நான் செயலாளர். மாதம் ஒரு கமிட்டி மீட்டிங், வருடத்துக்கு ஒரு பொதுக்குழு, நடுவில் லீக்கேஜ், தண்ணீர் தொட்டி என்று அவசரக் கூட்டங்கள். எல்லாவற்றுக்கும் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதியாக வேண்டும். 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவான சொசைட்டி எங்களுடையது. பிரச்சினை என்று யாராவது பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் மினிட்ஸ் புத்தகத்தைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் நான்கு மொழிகள் புழங்கும். தலைவர் மராத்தியில் ஆரம்பிப்பார். பொருளாளர் அண்ணாச்சி ஹிந்தியில் கணக்குச் சொல்லி, கோபம் வந்தால் திருநெல்வேலித் தமிழுக்கு வந்துவிடுவார். மூன்றாம் மாடி மாமி தமிழ் மட்டும்தான். இளைஞர்கள் ஆங்கிலம். முன்பெல்லாம் இரண்டு மணி நேரக் கூட்டத்தின் மினிட்ஸுக்கு எனக்கு இரண்டு மாலைகள் போய்விடும். அதனால்தான் ஏஐ பக்கம் போனேன்.

முதலில் எடுத்தது ஆன்லைன் மீட்டிங்கில் தானே வந்து உட்காரும் வகைக் கருவி. நாங்கள் பார்க்கிங்கில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள், அதனால் அது எங்களுக்குப் பொருந்தவில்லை. அடுத்து ஒரு மொபைல் ஆப். ஆங்கிலத்தை மணி மணியாக எழுதியது, தமிழ் வந்ததும் காதில் விழுந்த ஓசைக்கு ஏதோ ஆங்கிலச் சொற்களைக் கோத்துக் கொடுத்தது. மூன்றாவதாக வந்ததுதான் இன்றுவரை இருக்கிறது: லேப்டாப்பிலேயே, இணையம் இல்லாமல் ஓடும் ஒரு மென்பொருள். 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம், பேச்சை எழுத்தாக்கும் தன் விஸ்பர் மாடலை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதற்குப் பிறகு இப்படி வீட்டிலேயே ஓட்டும் வழிகள் நிறைய வந்துவிட்டன. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு போன்றவர்கள் இந்திய மொழிகளுக்கென்றே மாடல்கள் செய்து பொதுவில் வைத்திருக்கிறார்கள். என் பழைய லேப்டாப்பில் இரண்டு மணி நேர ஒலிப்பதிவு எழுத்தாக மாற முக்கால் மணி நேரம் ஆகிறது. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

முதல் மாதமே ஒரு சிக்கல். முழுக் கூட்டமும் மராத்தி எழுதும் தேவநாகரி எழுத்தில் வந்து நின்றது, மாமி பேசிய தமிழ் உட்பட. காரணம் பிறகுதான் புரிந்தது. எந்த மொழி என்பதை அந்த மென்பொருள் முதல் 30 விநாடிகளைக் கேட்டே முடிவு செய்கிறது, பிறகு கடைசிவரை அதையே பிடித்துக்கொள்கிறது. எங்கள் தலைவரின் மராத்தி வணக்கம் அந்த 30 விநாடிக்குள் அடக்கம். இப்போது பதிவைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, மொழியை நானே சொல்லித்தான் கொடுக்கிறேன். அமைதியான இடங்களில் யாரும் பேசாத ஒரு வாக்கியத்தை இட்டுக்கட்டி எழுதும் பழக்கமும் அதற்கு உண்டு. அதனால் டீ இடைவேளையில் பதிவை நிறுத்திவிடுவேன்.

பெரிய பாடம் கற்றது எண்களில். மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங்குக்கு வந்த கொட்டேஷனை அண்ணாச்சி வாசித்தார்: 'பௌனே தோ லாக்'. இரண்டுக்குக் கால் குறைவு, அதாவது ஒன்றே முக்கால் லட்சம். எழுத்தில் 'தோ லாக்' மட்டும்தான் வந்திருந்தது. எழுத்தைச் சுருக்க நான் அனுப்பும் இன்னொரு ஏஐ, 'ரூ. 2,00,000க்கு ஒப்புதல்' என்று அழகாக எழுதி வைத்தது. சுற்றுக்கு விடும் முன் அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இருபத்தஞ்சாயிரம் யார் வீட்டுக் காசு?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது 42 குடும்பங்களின் பணம்; ஒரு வரி பிசகினால் அவர் பெயர்தான் கெடும். டேட் (ஒன்றரை), டாயி (இரண்டரை), சவா (கால் கூட), ஸாடே (அரை கூட) என்று மும்பையின் கணக்கெல்லாம் இந்தக் கால், அரை, முக்காலில்தான் ஓடுகிறது. அன்றிலிருந்து தொகையைச் சொன்னபின், "ஒன்று, ஏழு, ஐந்து, பிறகு மூன்று சைபர்" என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லுகிறோம். அதில் இதுவரை தவறு வரவில்லை.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது ஒரு 'சரி'. கீழ்த்தளத்துக் குழாய் வேலைக்கு எல்லா வீடுகளும் கூடுதலாகப் பணம் போடலாமா என்று பேச்சு. தலைவர் சொல்வதை ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்ல, மாமி, "சரி... சரி... சரி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். 'பி-304 ஒப்புக்கொண்டார்' என்று சுருக்கம் வந்தது. மாமியிடம் போய்ப் படித்துக் காட்டினேன். "நீங்க சொல்றது காதுல விழறதுன்னு சொன்னேன். பணம் தரேன்னு எங்கே சொன்னேன்?" என்றார். 1 மணி 12ஆம் நிமிடத்தைப் போட்டுக் கேட்டேன். மாமி சொன்னதுதான் உண்மை. ஒவ்வொரு 'சரி'யும் அடுத்தவர் மூச்சு விடும் இடத்தில், தாழ்ந்த குரலில் விழுகிறது. தமிழ்ச் செவிக்கு அது 'ம்' கொட்டுவது. எழுத்துக்கு வந்ததும் அது சம்மதமாகிவிட்டது.

'தேக் லேங்கே'யும் அப்படித்தான். எங்கள் கூட்டத்தில் ஒருவர் 'பார்த்துக்கலாம்' என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள் என்று பொருள். ஏஐ அதை அவர் தலையில் ஒரு பொறுப்பாகக் கட்டி, 'நடவடிக்கை' என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுகிறது. யார் மறுத்தார், யார் பிடிவாதமாக நின்றார் என்பதை வழுவழுவென்று தேய்த்து, 'விவாதத்துக்குப் பின் முடிவானது' என்று எழுதிவிடுகிறது. சொசைட்டி வாழ்க்கையில் யார் மறுத்தார் என்பதுதான் பல சமயம் முக்கியமான விஷயம். அதை அழித்துவிட்டு எழுதும் மினிட்ஸில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அதனால் சுருக்கத்தை நம்புவதை விட்டுவிட்டு, நாங்கள் பேசும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். பேசுமுன் அவரவர் வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். யார் குரல் என்று மென்பொருள் திணறுவது இதனால் பெரும்பாலும் தீர்ந்தது. ஒவ்வொரு பொருளும் முடிந்ததும், "தீர்மானம்" என்று நான் உரக்கச் சொல்லி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்த்தவர் மூவரையும் படிக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பின் வருவதை மட்டும் தீர்மானமாக எடு, ஒவ்வொரு வரிக்கும் பதிவின் நேரத்தைப் போடு, மற்றதை விவாதம் என்று வை என்று ஏஐக்குச் சொல்லியிருக்கிறேன். ஃபோனை மேசையில் அப்படியே வைக்காமல் மடித்த துண்டின் மேல் வைப்பது இன்னொன்று. டீ கிளாஸ் வைக்கும் ஓசை போய்விடும். ஜூலை மழை பார்க்கிங்கின் தகரக் கூரையில் விழும்போது மட்டும் எந்தக் கருவியும் உதவாது. நோட்டும் பேனாவும்தான்.

இத்தனை குறை சொல்லியும் ஏன் 14 மாதமாக விடவில்லை என்றால், தேடும் வசதிக்காக. போன மாதம் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கதவு சென்சார் அடக்கமா என்று தகராறு. 'சென்சார்' என்று தேடினேன். ஒன்பது மாதத்துக்கு முந்தைய கூட்டத்தில் 38ஆம் நிமிடம் என்று வந்தது. எல்லோர் முன்னும் போட்டுக் காட்டினேன், அடக்கம் என்று ஒப்பந்தக்காரரே அன்று சொல்லியிருந்தார். இரண்டு வீட்டுக்காரர்கள் முறைத்துக்கொண்டு போகாமல் அன்று சேர்ந்து மாடியேறினார்கள். அந்தக் காட்சி எனக்குப் பெரிய நிறைவு.

பதிவு செய்வதற்குக் கூட்டத்தின் தொடக்கத்தில் சம்மதம் கேட்கிறேன். ஒருவர், மகளின் திருமணத்தால் மெயின்டனன்ஸ் கட்டத் தாமதமாகிறது என்று சொல்ல வந்தபோது கையைக் காட்டினார், நிறுத்தினேன். இப்படிப்பட்ட பேச்சை யாரோ ஒரு கம்பெனியின் சர்வருக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. லேப்டாப்பிலேயே ஓடுவதை எடுத்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். சுருக்கத்துக்கு எழுத்தை அனுப்பும்போதும் பெயர்களை எடுத்துவிட்டு வீட்டு எண்களுக்குப் பதில் வேறு எண்கள் போடுகிறேன். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் நிறைவேறியதும் ஒலிப்பதிவை அழித்துவிடலாமா என்று கேட்டு, மறுப்பில்லை என்றால் அங்கேயே அழிக்கிறேன், எழுத்து மட்டும் இருக்கும். தகராறு நிலுவையில் உள்ள பதிவுகளும், லிஃப்ட் போன்ற ஒப்பந்தப் பேச்சுகளும் ஒப்பந்தம் முடியும்வரை இருக்கும்.

இப்போது மினிட்ஸ் ஒன்றரை மணி நேர வேலை. அதில் முக்கால்வாசி, குறித்த நேரங்களுக்குப் போய்ச் செவி கொடுத்துக் கேட்பது. அச்செடுக்கும் முன் தமிழ்ப் பகுதியை மாமிக்கு வாசித்துக் காட்டுவேன். போன ஞாயிறு இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், இரண்டையும் போட்டேன்.