ஐந்து வருடம், ஆறு ஸ்கெட்ச் புக்: என் பட நாட்குறிப்பு அனுபவம்

எனக்குச் சுமாராகத்தான் வரைய வரும். நான் வரைந்த நாற்காலியில் யாரும் நம்பி உட்கார மாட்டார்கள். ஆனாலும் ஐந்து வருடமாகப் படமும் எழுத்துமாக நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். இப்போது ஓடுவது ஆறாவது நோட்டு.

முதல் நோட்டு பாதியில் நின்றதற்குக் காரணம் சோம்பல் இல்லை, தாள். வீட்டில் சும்மா கிடந்த கோடில்லாத நோட்டு அது. பிரிண்டருக்குப் போடுகிற 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் மாதிரி மெலிசு. வாட்டர்கலர் பட்டதும் அலை அலையாக நெளிந்தது, பேனா மை மறுபக்கம் ஊறியது. அந்தக் கடுப்பில் மூன்றாவது நோட்டை 300 ஜிஎஸ்எம்மில் வாங்கினேன். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அசையாத தாள். வினையே அதுதான்: இவ்வளவு நல்ல தாளில் பழைய செருப்பையா வரைவது என்று கை தயங்கியது. மாதத்துக்கு நாலு பக்கம்கூட நிரம்பவில்லை. இப்போது 200 ஜிஎஸ்எம், ஏ5 அளவு, நூல் வைத்துத் தைத்த பைண்டிங். ஸ்பைரல் நோட்டை முழுக்க மடக்கிப் பிடிக்கலாம், வசதிதான். ஆனால் தாள்கள் உரசி, பென்சில் கரி எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்கிறது.

மை விஷயத்திலும் அடிபட்டுத்தான் கற்றேன். ஒருநாள் ஜன்னலை ஒரு மணி நேரம் கம்பி கம்பியாக வரைந்துவிட்டு, மேலே வண்ணத்தைத் தடவினேன். கம்பியெல்லாம் கரைந்து ஒரே சாம்பல் குட்டை. சாய மை தண்ணீரில் கரையும். நிறமி மை காய்ந்துவிட்டால் நிற்கும். அப்புறம், ஷெல்லாக் என்கிற அரக்குப் பிசின் கலந்த இந்தியன் இங்க்கை ஊற்று பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளேயே இறுகிவிடும். என் பேனா ஒன்று அப்படித்தான் போனது.

தினமும் பத்து நிமிடம், ஒரே பொருள், கீழே இரண்டு வரி. அவ்வளவுதான் என் முறை. இரண்டாவது நோட்டில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி இருக்கிறது. இடது காதுப்பிடியில் டேப் சுற்றியிருக்கும். அந்த டேப்பின் ஓரம் பிரிந்து நிற்பதைக்கூட வரைந்திருக்கிறேன், ஆனால் வலது கண்ணாடியைக் காணோம். அவர் தூங்கும்போது ஆரம்பித்தது, பாதியில் எழுந்து, “கண்ணாடியை எங்கடா வைத்தாய்?” என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். போட்டோ எடுத்திருந்தால் முழுசாக இருந்திருக்கும், அந்தக் கேள்வி இருந்திருக்காது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சொற்களை எழுதிப் பார்த்தவர்களைவிட அவற்றைப் படமாக வரைந்தவர்களுக்கே அவை அதிகம் நினைவில் நின்றன. வரைய 4 நொடி மட்டும் கொடுத்த சோதனையிலும் அப்படித்தான். நாலு நொடியில் யார் அழகாக வரைந்திருக்கப் போகிறார்கள்? என் நாற்காலிகளுக்கு அது போதும்.

குறைகளும் உண்டு. மனசு சரியில்லாத வாரங்களில் வரைய வருவதே இல்லை. அந்த நாட்கள் நோட்டில் ஓட்டையாகவே கிடக்கின்றன. பின்னால் உட்கார்ந்து நிரப்பிப் பார்த்தேன், பொய்க் கணக்கு எழுதியதுபோல் இருந்தது, விட்டுவிட்டேன். மார்க்கரில் வண்ணம் தீட்டிய ஒரு பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டியதில், வெளிச்சம் பட்டுப் பட்டு ரோஜா நிறம் வெளிறியே போனது. நோட்டுக்குள் மூடியிருந்த பக்கங்கள் அப்படியே இருக்கின்றன.

இன்னொரு தொல்லை, எதையும் தேடி எடுக்க முடியாது. அதனால் நாலாவது நோட்டிலிருந்து பக்க எண் போட்டு, கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதுகிறேன். “சாவிக்கொத்து – 41” என்று அதில் ஒரு வரி. அந்தப் பக்கத்தில் நாலு சாவி, ஒன்றின் தலையில் நீல நூல், கீழே “இது எந்தப் பூட்டுக்கு?” என்ற குறிப்பு. போன வாரம் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டிலிருக்கிற எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்தேன். எதிலும் சேரவில்லை.