இன்ஜினுக்குள் விழுந்த நட்டை எடுக்க எதை வாங்கலாம்? காந்தக் குச்சி, ஸ்பிரிங் பிக்கர், கேமரா வயர்: ஒரு விமர்சனம்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலும் கேரள எல்லையிலுள்ள குமுளியிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கல்லாவை ஒட்டி, சட்டைப்பையில் செருகும் கிளிப்போடு சில குச்சிகள் தொங்கும். இழுத்தால் ரேடியோ ஏரியல் போல நீளும். நுனியில் ஒரு பொட்டுக் காந்தம். பக்கத்திலேயே நாலு நகம் விரியும் ஸ்பிரிங் பிக்கர். இப்போது போனில் செருகிப் பார்க்கிற கேமரா வயரும் சேர்ந்துகொண்டது. மூன்றும் ஒரே வேலைக்குத்தான்: கை தவறி விழுந்த நட்டு, வாஷர், வால்வு லாக் (வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் சின்னத் துண்டு) போன்றவற்றைக் கண்டுபிடித்து எடுக்க. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் கமாண்டர் ஜீப், காய்கறி ஏற்றும் டாடா ஏஸ், ஆட்டோ, பைக் என்று இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கு வருகிற வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் காந்தக் குச்சி. இரண்டாவதாகக் கேமரா. ஸ்பிரிங் பிக்கர் தேவைப்படும் நாள் குறைவு. ஆனால் அந்த நாளில் மற்ற இரண்டும் உதவாது.

காந்தக் குச்சி வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது அட்டையில் போட்டிருக்கும் தூக்கு எடையை. 1 பவுண்டு (சுமார் 450 கிராம்), 3 பவுண்டு, 8 பவுண்டு என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். 10-ம் நம்பர் ஸ்பேனர் போடுகிற எம்6 நட்டின் எடை 3 கிராம்கூட வராது. அதைத் தூக்க 8 பவுண்டு காந்தம் எதற்கு? பெரிய காந்தத்தால் தொல்லைதான் அதிகம். பல வண்டிகளில் இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, பிராக்கெட், பைப், கிளாம்பு எல்லாம் பெரும்பாலும் இரும்பு. பலமான காந்தம் உள்ளே போகும்போதே பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பிய்த்து நகர்த்தினால் அடுத்த சுவர். கஷ்டப்பட்டு நட்டைப் பிடித்துவிட்டாலும் மேலே இழுக்கும்போது ஏதாவது விளிம்பில் உரசி நட்டு மறுபடி விழும், இந்த முறை இன்னும் ஆழத்தில். ஒன்றிரண்டு பவுண்டு தூக்கும், தலையின் குறுக்களவு 6 மி.மீ. இருக்கிற குச்சிதான் இன்ஜின் வேலைக்குச் சரி. தரையில் சிதறிய போல்ட்டை வாரிக் கூட்ட மட்டும் பெரியது வைத்துக்கொள்ளலாம்.

காந்தத்தைச் சுற்றிப் பித்தளையோ பிளாஸ்டிக்கோ உறை போட்டு, முன்முகம் மட்டும் இழுக்கும்படி செய்த வகையும் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூபுக்குள் குச்சியைச் செருகி, காந்த முகம் மட்டும் டியூபின் வாயோடு நிற்கும்படி விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வளைந்த வழியில் வளையும் கழுத்துக் குச்சி வேண்டும். நேர் வழியில் ஏரியல் வகையே போதும். ஏரியல் வகையின் கடைசித் துண்டு மிக மெல்லியது, ஒருமுறை மடங்கினால் திரும்ப உள்ளே போகாது.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. காந்த நுனியை இரும்பு ராக்கில் ஒட்டவிட்டு, குச்சியைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். மலிவு ரகங்களில் காந்தம் வெறும் பசையில் உட்கார்ந்திருக்கும்; ராக்கிலேயே தங்கிவிட்டால் நல்லது, காசு தப்பியது. அதே காந்தம் டைமிங் செயினை மூடும் கவருக்குள் கழன்று விழுந்தால், எடுக்கப் போன நட்டைவிட அதை எடுப்பது கஷ்டம். எங்கே விழுந்தாலும் இரும்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

சூட்டையும் கவனிக்க வேண்டும். இந்தச் சின்னக் காந்தங்கள் பெரும்பாலும் நியோடிமியம் வகை. சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், அதற்கு மேல் பலம் குறையத் தொடங்கும். ஓடி நின்ற இன்ஜினில் ரேடியேட்டர் தண்ணீரே அந்த அளவை ஒட்டி இருக்கும், சைலன்சர் மேனிஃபோல்டைச் சொல்லவே வேண்டாம். அடிவாரத்து லோயர் கேம்பிலிருந்து மலையேறி வந்த வண்டியில் உடனே குச்சியை விட்டால் இரண்டும் கெடும்: கையும், காந்தமும்.

எதை எடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டீசல் பைப்பின் செம்பு வாஷர், இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செம்பு வாஷர், கார்புரேட்டரின் பித்தளை ஜெட், அலுமினியத் துண்டு, ரப்பர் ஓ ரிங், பிளாஸ்டிக் கிளிப், பெரும்பாலான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி, இவை எதுவும் காந்தத்துக்கு அசையாது. வால்வு லாக், சர்க்கிளிப் (வாய் திறந்த ஸ்பிரிங் வளையம்), சாதாரண நட்டு போல்ட், பேரிங் குண்டு எல்லாம் ஒட்டும். விழுந்தது எந்த வகை என்று தெரியாவிட்டால், வண்டியிலேயே இன்னும் கழற்றாமல் இருக்கும் அதன் ஜோடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். அது ஒட்டாவிட்டால் தேடல் முறையையே மாற்ற வேண்டும்.

இங்கேதான் ஸ்பிரிங் பிக்கர் வருகிறது. சுமார் 60 செ.மீ. நீளம், மேலே ஒரு பட்டன், அமுக்கினால் நுனியில் நாலு நகம் வெளியே வந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. அகலத்துக்கு விரியும். இதைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் பிடிக்கும் முறையைத் தவறாகச் செய்கிறார்கள். பட்டனை விட்டதும் நகங்கள் மூடிக்கொண்டே உறைக்குள் பின்வாங்கும். கையை அசைக்காமல் பட்டனை மட்டும் விட்டால், வாஷருக்கு மேலே வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு வரும். பட்டனை மெதுவாக விடும்போதே குச்சி முழுவதையும் அதே வேகத்தில் முன்னே தள்ள வேண்டும். இது கைக்குப் பழகினால் ஓ ரிங், ஜெட், கிளிப் எல்லாம் வரும். தட்டையான தரையில் படுத்துக் கிடக்கும் வாஷர் மட்டும் பழகிய கைக்கும் வழுக்கும். அதற்குக் கெட்டி கிரீஸ் தடவிய வெல்டிங் ராடே மேல். வாஷர் மேல் அமுக்கி நேராகத் தூக்கினால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 150, 200 ரூபாய் கொடுத்து வாங்கிய பிக்கரைக் காசில்லாத கிரீஸ் தோற்கடிக்கிறது என்பதால்தான் அதற்கு மூன்றாம் இடம். நகங்களுக்கு நடுவில் காந்தமும் எல்இடியும் வைத்த ரகம் விற்கிறது. விளக்கு சின்னதாக எரிந்து நகத்தின் நிழலையே காட்டும். வேண்டாம்.

கேமரா வயரைப் பொறுத்தவரை அட்டையில் இருக்கும் மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது தலையின் குறுக்களவு, ஃபோகஸ் தூரம், வயரின் விறைப்பு. 5.5 மி.மீ. தலை எங்கும் நுழையும், 8 மி.மீ. தலையில் படம் தெளிவு, ஆனால் பல பைக்குகளின் 10 மி.மீ. ஸ்பார்க் பிளக் துளையில் திருப்ப இடம் இருக்காது. கார்களில் 14 மி.மீ. பிளக் துளை பரவலானது என்பதால் அங்கே இரண்டும் போகும். டீசலில் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் பிளக்) துளை வழியாகப் பார்க்க நினைக்காதீர்கள், அடியில் துளை மிகவும் குறுகும். இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்ப்பதே வழி. பழைய பியூஜோ இன்ஜின் ஜீப்பில் ப்ரீ சேம்பர் (டீசல் முதலில் எரியும் குட்டி அறை) குறுக்கே நிற்பதால் அதுவும் உதவாது, பிஸ்டன் மேல்பக்கம் தெரியாது.

மலிவுக் கேமராக்களில் ஃபோகஸ் நிலையானது. ஏறத்தாழ 3 முதல் 8 செ.மீ. தூரத்தில் இருப்பது மட்டும் தெளிவாகத் தெரியும். பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோய் மங்கலாகத் தெரிகிறதே என்று கேமராவைத் திட்டுவதில் அர்த்தமில்லை, கொஞ்சம் பின்னால் இழுங்கள். எல்இடியை முழு வெளிச்சத்தில் வைத்தால் ஆயில் பட்ட இடமெல்லாம் வெள்ளையாக மின்னும்; பாதிக்குக் குறைத்தால்தான் நட்டின் விளிம்பு தெரியும். உள்ளே போனதும் எது மேல், எது கீழ் என்று குழம்பும். அதற்கு, படத்தில் மேல்பக்கம் எதுவோ அந்தப் பக்கமாக வயரின் கைப்பிடி முனையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வயர் வளைத்தால் வளைந்தபடி நிற்கும் ரகமாக இருக்க வேண்டும், தொளதொளவென்ற வயர் சம்பின் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) தரையில் சுருண்டு படுத்துவிடும். வைஃபை ரகத்தில் படம் கொஞ்சம் தாமதமாக வரும், பார்க்க மட்டும் பரவாயில்லை. பார்த்துக்கொண்டே எடுப்பதற்கு யூஎஸ்பி வயர் ரகமே சரி.

கேமராவோடு கொக்கி, குட்டிக் காந்தம், கண்ணாடி என்று மூன்று துணைப் பொருள் தருவார்கள். இவை தலையில் வெறுமனே மாட்டி நிற்பவை, உள்ளே கழன்று விழ வாய்ப்பு அதிகம். மாட்டினால் மெல்லிய டேப் சுற்றியபின்தான் உள்ளே விட வேண்டும். சிலிண்டருக்குள் மாட்டவே வேண்டாம். கேமரா கண்டுபிடிக்கும் கருவி. எடுப்பது குச்சியின் வேலை. இரண்டையும் ஒரே துளையில் விட இடமிருந்தால் அதிர்ஷ்டம்.

எதை வாங்கினாலும், நட்டு விழுந்த அடுத்த நிமிடம் என்ன செய்கிறோம் என்பதில்தான் செலவு இருக்கிறது. சாவியைத் தொடக்கூடாது, செல்ஃப் அடிக்கக்கூடாது, வண்டியைத் தள்ளவும் கூடாது. எம்6 நட்டின் கனம் 5 மி.மீ.; டீசல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது 1 மி.மீ. அளவுதான். காற்று உள்ளே போகும் துளை வழியாக நட்டு உள்ளே போயிருந்தால் ஒரே சுற்றில் பிஸ்டனோ வால்வோ போய்விடும். டைமிங் செயின் பக்கம் விழுந்திருந்தால் செயின் பல் தாவும். கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கில் விழுந்தது ஃபிளைவீல் பல்லில் சிக்கும். சம்புக்குள் விழுந்தது ஒன்றுதான் அவ்வளவு அவசரமில்லாதது: ஆயிலைச் சல்லடையில் வடித்து, டிரெயின் துளை வழியே குச்சியை விட்டுத் துழாவலாம், வராவிட்டால் சம்பைக் கழற்றலாம். ஏர் பிடித்து ஊதவே கூடாது, ஊதினால் பொருள் இன்னும் உள்ளே போகும்.

குச்சியை விடுமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். குச்சி உலோகம், செல்ஃப் மோட்டாரின் பெரிய வயர் முனையில் பட்டு பாடியையும் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

பிறகு தேடல். விழுந்தபோது எத்தனை முறை 'டிங்' கேட்டது, கடைசிச் சத்தம் தகரத்திலா, இரும்பிலா, தரையிலா என்பதை யோசியுங்கள். சத்தமே இல்லாவிட்டால் பெரும்பாலும் அழுக்குக் கிரீஸில் ஒட்டி வழியிலேயே நிற்கும். கார்களில் அடித்தகடு இருந்தால் முதலில் அதைத் தடவுங்கள். ஏஸில் சீட்டைத் தூக்கினால் இன்ஜின். விழுந்தது பல நேரம் நேராக ரோட்டுக்கே வந்துவிடும், அல்லது சேஸ் விளிம்பில் நிற்கும். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தரையோடு படுக்கவைத்து அடித்தால் சின்ன வாஷருக்கும் நீளமான நிழல் விழும். எதுவும் தெரியாவிட்டால் அதே அளவு நட்டு ஒன்றைத் தைக்கும் நூலில் கட்டி அதே இடத்திலிருந்து விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் உருள்கிறது என்பது தெரியும். நூலை விட்டுவிடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விழாமல் இருக்கச் செய்வது இன்னும் மலிவு. வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும்போது ஹெட்டிலுள்ள ஆயில் இறங்கும் துளைகளையும், பைக்கில் பிஸ்டன் சர்க்கிளிப் எடுக்கும்போது கிராங்க்கேஸ் வாயையும் துணியால் அடையுங்கள். நூல் பிரியும் காட்டன் வேஸ்ட் வேண்டாம், பனியன் வேஸ்டைப் பெரிய துண்டாக, வால் வெளியே தொங்கும்படி வையுங்கள். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்வது நல்லது. நட்டைக் குறுகலான இடத்துக்குக் கொண்டுபோக சாக்கெட்டுக்குள் ஒரு பொட்டுக் கிரீஸ் போதும்.

மலைப்பாதையில் ரோட்டோரம் விழுந்த நட்டைத் தேடக் காந்தத்தை மண்ணில் இழுத்தால் கறுப்பு இரும்புத்தூள் அப்பிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. நுனியில் பாலிதீன் பையைச் சுற்றி இழுங்கள். பையைக் கவிழ்த்து உரித்தால் தூளும் அதோடு போய்விடும். அந்தத் தூளோடு அதே குச்சியை இன்ஜினுக்குள் விடவே கூடாது.

விலை: காந்தக் குச்சி 100 முதல் 250 ரூபாய்க்குள் அடங்கும், உறை போட்ட வளையும் ரகம் அதற்குச் சற்று மேல். யூஎஸ்பி கேமரா ஆயிரத்தை ஒட்டி. தனித்திரை வைத்தது பல மடங்கு, தினமும் இதே வேலை செய்யும் பட்டறைக்கு மட்டும் கட்டுப்படியாகும். எல்லாம் சேர்ந்த கிட் வாங்குவதாக இருந்தால் அதில் இருக்கும் குட்டிக் கண்ணாடிக் குச்சிக்காக வாங்கலாம். மேனிஃபோல்டுக்குப் பின்னால் பார்க்க அது பல நேரம் கேமராவைவிட வேகம். கேமராவைக் கடையிலேயே உங்கள் போனில் செருகிப் படம் வருகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள். சில போன்களில் ஓடிஜியை (வெளிக் கருவியைச் செருகிப் பயன்படுத்தும் வசதி) தனியாக ஆன் செய்ய வேண்டும், ஐபோனில் பல மலிவு யூஎஸ்பி ரகங்கள் வேலை செய்யாது.