வெப்சைட்டுக்கு ‘லீகல் பேக்கேஜ்’ எழுதித் தருகிறோம் என்று வந்தால் உஷார்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் சொந்தமாக வெப்சைட் வைத்து விற்கும் சின்னக் கடைக்காரர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள்.

என் அக்கா எம்.சி. ரோடு கடைகளில் சுடிதார், நைட்டி எடுத்து ஆன்லைனில் விற்கிறார். பேமென்ட் கேட்வே (சைட்டில் ஆன்லைனாகப் பணம் வாங்கும் வசதி) கிடைக்க விதிமுறைகள், ரீஃபண்ட், பிரைவசி பக்கங்கள் சைட்டில் இருந்தாக வேண்டும். சைட் போட்டுக் கொடுத்தவர் அதைச் சொல்லி, “நம்ம வக்கீல் எழுதித் தருவாருக்கா” என்று தனியாக 12,000 ரூபாய் வாங்கினார். மறுநாளே பக்கங்கள் ஏறிவிட்டன. பார்சல் எத்தனை நாளில் போகும், சைஸ் சேராவிட்டால் மாற்றித் தருவீர்களா, திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது? ஒரு கேள்விகூட வரவில்லை. வக்கீல் என்று ஒருவர் இருந்தாரா என்பதே இப்போது எங்களுக்குச் சந்தேகம்.

மதுரையில் ஒரு பெண்ணுக்குக் கிழிந்த சுடிதார் போய்விட்டது. கேட்டிருந்தால் அக்கா அன்றைக்கே பணத்தைத் திருப்பியிருப்பார். ஆனால் அந்தப் பெண் முதலில் சைட்டைப் பார்த்திருக்கிறார். எந்தக் காரணத்துக்கும் ரீஃபண்ட் கிடையாது, வழக்கு என்றால் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில்தான் என்று போட்டிருக்கிறது. நேராக 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் கொடுத்துவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை. அதைப் படிக்கிற யாருக்கும் இது ஏமாற்றுக் கடை என்றுதான் தோன்றும். வாடிக்கையாளரிடம் நாணயமாக நடக்கும் ஒருவருக்கு இந்தப் பெயர் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு முழுவதையும் படித்தோம். ஓர் இடத்தில் ஏதோ அமெரிக்கக் கம்பெனியின் பெயர்கூட மாற்றாமல் கிடக்கிறது. இரண்டு வரியை கூகுளில் போட்டால் அதே வாசகம் வரிசையாக வருகிறது.

இருக்க வேண்டியது எதுவும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி கடையின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரியின் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் சைட்டில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் பழுது என்றாலோ, சொன்ன தேதிக்குப் பிறகு வந்தாலோ, திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொந்தச் சரக்கு விற்கும் கடை மறுக்க முடியாது. கலிஃபோர்னியா கதையும் செல்லாது: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆக அந்தப் பக்கம் அக்காவைக் காப்பாற்றவும் இல்லை, வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லவும் இல்லை.

சைட் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டதற்கு, “எல்லா சைட்லயும் இப்படித்தான்கா இருக்கும்” என்றார். திருத்த இன்னும் 3,000 ரூபாயாம். டொமைனும், அதாவது சைட்டின் முகவரிப் பெயரும், அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது, பாஸ்வேர்டும் அவரிடம். அதனால் சண்டை போடவும் வழியில்லை.

இப்போது தெரிந்த வக்கீல் ஒருவர் அக்காவை உட்கார வைத்து, கடை எப்படி நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டே பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்களும் எழுதித் தருகிறவர் பார் கவுன்சிலில் பதிவான வக்கீலா என்று கேளுங்கள், பில் வாங்குங்கள், டொமைனை உங்கள் பெயரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், உங்கள் சைட்டில் எந்த ஊர் நீதிமன்றம் என்று போட்டிருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். 12,000 இன்னும் திரும்பி வரவில்லை. அதே ஆள் அதே தெருவில் வேறு கடைகளுக்கும் இதே பேக்கேஜைப் பேசிக்கொண்டிருக்கிறார்.