சோயாவை எங்கே விற்பது: மண்டியா, அரசுக் கொள்முதலா, கிடங்கா?

மகாராஷ்டிராவின் லாத்தூர் பக்கம் செப்டம்பர் கடைசியில் சோயா அறுவடை தொடங்கிவிடும். பின்னாலேயே தீபாவளிச் செலவு, கொண்டைக்கடலை விதைப்பு, வாங்கிய கடன். அதனால்தான் பலர் களத்திலிருந்து சாக்கை நேரே மண்டிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கே கைமேல் காசு, அது சின்ன விஷயமில்லை. ஆனால் வரத்து குவிகிற அந்த வாரங்களில்தான் விலையும் படுத்துவிடும், வியாபாரி ஒரு கைப்பிடி மணியை ஈரமானியில் போட்டு ஈரம் 18 சதவீதம் என்று காட்டிவிட்டால் அப்புறம் பேரம் பேச என்ன இருக்கிறது?

அரசுக் கொள்முதலில் 2025-26க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு (100 கிலோ) 5,328 ரூபாய். ஆனால் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், முன்கூட்டியே பதிய வேண்டும், பணம் வங்கிக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். 2024 நவம்பரில் ஈர வரம்பை 15 ஆகத் தளர்த்தினார்கள், அதற்குள் அவசரக்காரர்கள் விற்றுவிட்டிருந்தார்கள்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 18 சதவீத ஈரத்தோடு இருக்கும் 100 கிலோவை 12க்குக் காயவைத்தால் 93 கிலோதான் மிஞ்சும். எடை போச்சே என்று மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் அந்த 93 கிலோ ஆதரவு விலையில் 4,955 ரூபாய். ஈரச் சரக்குக்கு மண்டியில் அதைவிடக் குறைவாகக் கேட்டால், தார்ப்பாயில் போட்டுக் காயவைக்கிற நாலு நாள் வேலைக்குக் கூலி கிடைத்துவிடுகிறது.

கிடங்கில் வைத்து ரசீதின் மேல் கடன் வாங்கிக் காத்திருப்பது கேட்க நன்றாக இருக்கும். 2021 ஆகஸ்டில் விலை 10,000ஐத் தாண்டியது உண்மைதான். அதை நம்பிப் பிற்பாடு காத்திருந்தவர்கள் 2024இல் ஆதரவு விலைக்கும் கீழே விற்றார்கள். சோயா விலையை ஆட்டிவைக்கும் இறக்குமதி எண்ணெய் வரி ஏறி இறங்குவது நம் கையில் இல்லை, வட்டி மட்டும் நிற்காமல் ஓடும்.

இரண்டு மூன்று ஏக்கர்க்காரருக்கு நான் சொல்வது: அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் மண்டியில் தள்ளுங்கள், மீதியைக் காயவைத்து அரசுக்குக் கொடுங்கள். கிடங்கை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பத்துப் பேரோடு சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

விற்பதற்கு முன் நல்ல மணியில் விதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். சோயாத் தோல் மெல்லியது, அடிக்கும் இயந்திரம் வேகமாக ஓடினாலே விரிசல் விடும், மூட்டையைத் தூக்கிப் போட்டாலும் அதே கதி. ஜூனில் விதைக்குமுன் 100 மணியை நனைந்த சாக்கில் சுருட்டி வையுங்கள். 70 முளைத்தால் தைரியமாக விதைக்கலாம், கடை விதைக்கான காசு மிச்சம்.