குமரி ஈரத்தில் ஒரு பழைய மூங்கில் ஃப்ளை ராடு

ஃப்ளை ராடு என்றால், பூச்சி மாதிரி கட்டிய லேசான தூண்டிலை வீசி மீன் பிடிக்கிற கம்பு. அதில் பழைய மூங்கில் ராடைச் சரிசெய்வதுகூட எளிது. ரெண்டு மழையும் கொட்டுகிற நம்ம குமரி மாவட்டத்தில் அதைக் காப்பாற்றி வைத்திருப்பதுதான் பெரிய பாடு. சில வருஷமாக குலசேகரம் பக்கத்துக் குளங்களில் வீசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முதலில் மூங்கில். நம்ம தோட்டத்து மூங்கிலில் செய்ததல்ல இது. சீனாவின் குவாங்டாங் பக்கம் விளையும் டாங்கின் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, முக்கோணமாக இழைத்த 6 சீவல்களை ஒட்டிய கம்பு. விரலால் உருட்டினால் ஆறு பட்டையும் தட்டுப்படும். வலுவெல்லாம் மேற்புற நாரில் இருக்கிறது. பழைய வார்னிஷை எடுக்கிறேன் என்று உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தால் அந்த நாரும் போய்விடும். கத்தியின் மழுங்கிய முதுகால் மெதுவாகச் சுரண்டினாலே உதிர்ந்துவிடும்.

நுனித்துண்டு கோணியிருந்தது. இளஞ்சூடு காட்டி, எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் நேராகும். ஆனால் பழைய கம்புகள் பலவற்றில் ஒட்டியிருப்பது, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கிற வஜ்ஜிரப் பசை. சூடு கூடினால் அது இளகி, சீவல்கள் வாய் பிளந்துவிடும்.

தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களைக் கம்பில் பட்டுநூலால் கட்டுவது எனக்குப் பிடித்த வேலை. இழை இழையாக நெருக்கிச் சுற்றி வார்னிஷ் பூசியதும், வெளிர்மஞ்சள் நூல் கண்ணாடியாகி, அடியில் வளையத்தின் கால் அப்படியே தெரிகிறது. நூலின் நிறம் மாறக்கூடாது என்றால் முதலில் கலர் பிரிசர்வர் பூச வேண்டும். எனக்கென்னவோ கால் தெரிவதுதான் அழகு.

வார்னிஷ் வேலையை ஜனவரிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பூசினால் பிசுபிசுப்பு லேசில் போகாது. மீன்பிடித்து வந்ததும் துடைத்து, நிழலில் உலரவிட்டு, துணிப்பையில் போட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு குழாயில் போட்டு மூடினால் வார்னிஷ் கொப்புளித்துவிடும். மணக்குடிக் காயலுக்கு நான் இதைக் கொண்டுபோவதே இல்லை. உப்புத் தண்ணீருக்கு கார்பன் ராடு போதும்.

துண்டுகளை இணைக்கும் நிக்கல் சில்வர் பூணைத் திருகிக் கழற்றாதீர்கள், நேராக இழுங்கள். திருகினால் பூணுக்குள் மூங்கில் ஆட ஆரம்பிக்கும்.

வீசும்போது கார்பனின் விறுவிறுப்பு இருக்காது. பின்னால் நரம்பு முழுசாக நீளும்வரை கை காத்திருக்க வேண்டும். பழகிவிட்டால் கெண்டைக்கும் திலாப்பியாவுக்கும் சுகமான கம்பு. விரால் என்றால் யோசியுங்கள். தூண்டிலோடு பாசிக்குள் பாயும் விராலை வலுக்கட்டாயமாக இழுத்தால் நுனி நிரந்தரமாக வளைந்துவிடும். அப்புறம் மறுபடி அடுப்படியில்தான் உட்கார வேண்டும்.