பெலிகான் 400-ஆ, மான்ட்பிளாங்க் 342-ஆ? ஒரு பழைய ஜெர்மன் பேனா வாங்கிய கதை

ஹனோவரில் லைனே ஆற்றங்கரையோரம் சனிக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை கூடும். 1967-ல் தொடங்கிய சந்தை. பீங்கான் தட்டு, பித்தளை விளக்கு, பழைய கேமரா என்று பரப்பி வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு சுருட்டுப் பெட்டியும் இருக்கும். அதற்குள் ஏழெட்டுப் பேனாக்கள் மை காய்ந்து கிடக்கும். நான் ஜெர்மன் பேனா பார்க்கப் பழகியது இந்தப் பெட்டிகளில்தான்.

போன இலையுதிர் காலத்தில், 1950களின் ஜெர்மன் பிஸ்டன் பேனா ஒன்றை, தினமும் எழுதுவதற்கென்றே வாங்குவது என்று முடிவு செய்தேன். பணத்துக்கு ஏற்ற மாதிரி கடைசியில் நின்றவை இரண்டு: பெலிகான் 400, மான்ட்பிளாங்க் 342. நான் எடுத்தது பெலிகான். இன்றைக்கும் அதில்தான் எழுதுகிறேன், அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததுதான். 342-ஐ ஹாம்பர்க்கில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரிடம் மூன்று வாரம் இரவல் வாங்கி எழுதிப் பார்த்தேன். மூன்று வாரப் பழக்கத்தில் ஒரு பேனாவைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்வேன்.

முதலில் எளிதில் முடிகிற விஷயங்கள். இரண்டும் சிறிய, எடை குறைந்த பேனாக்கள். மூடியைப் பின்னால் செருகினால்தான் கைக்கு அடக்கமாக இருக்கும். இரண்டிலும் 14 காரட் தங்க நிப்பு, 585 என்று முத்திரை இருக்கும். இரண்டிலும் பின்பக்கத் திருகைத் திருப்பினால் பிஸ்டன் நகர்ந்து மையை உறிஞ்சும். பார்வைக்கு 342 கறுப்பு உடம்பும் மூடியில் வெள்ளை நட்சத்திரமுமாக அடக்கமாக இருக்கும். 400-இன் உடம்பில் பச்சைக் கோடுகள் ஓடும். அந்தக் கோட்டுக்காகவே ஜெர்மனியில் அதற்கு 'ஷ்ட்ரேசமான்' என்று பட்டப்பெயர் வந்தது. 1920களில் வெளியுறவு அமைச்சராக இருந்த குஸ்டாஃப் ஷ்ட்ரேசமான் கோடு போட்ட கால்சட்டையோடு காட்சி தந்தவர். கோடுகளுக்கு நடுவே வெளிச்சம் புகுவதால், ஜன்னலில் தூக்கிப் பிடித்தால் மை எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது, அதை விட்டுவிடுகிறேன்.

அடையாளம் காண்பதில் மான்ட்பிளாங்க் ஒரு படி முன்னே நிற்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து எண் முறை அவ்வளவு தெளிவு. முதல் இலக்கம் தரம்: 1 என்றால் மைஸ்டர்ஷ்டுக், அதாவது உச்ச வரிசை; 2 நடுத்தரம்; 3 அதற்கும் கீழே. நடு இலக்கம் 4 என்றால் போருக்குப் பிந்தைய பிஸ்டன். கடைசி இலக்கம் நிப்பின் அளவு. ஆக 149 என்றால் உச்ச வரிசை, பிஸ்டன், பெரிய நிப்பு. 342 என்றால் மூன்றாம் தரம், பிஸ்டன், சின்ன நிப்பு. சந்தையில் நின்றபடியே இதைப் படித்துவிடலாம். வெள்ளை நட்சத்திரத்தைக் காட்டி 342-ஐயும் "மைஸ்டர்ஷ்டுக்" என்று விலை சொல்பவர்கள் உண்டு. எண்ணைப் படிக்கத் தெரிந்தவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. இன்னொரு குறி: மைஸ்டர்ஷ்டுக் நிப்பில் 4810 என்று இருக்கும், அது மோன் பிளான் மலையின் உயரம், மீட்டர் கணக்கில்.

பெலிகானில் வடிவத்தைப் பார்த்துப் பழக வேண்டும். 400 வந்தது 1950-ல். மூடியின் உச்சியும் பின்திருகும் தட்டையாக இருந்தால் அது முதல் வகை. 1956-ல் 400என் வந்தது, அதை ஒட்டியே 400என்என். இந்தக் கடைசி வகைக்கு இரண்டு நுனியும் வழுவழுவென்று குவிந்திருக்கும். 400என்என்-ஐ 1970களில் மெர்ஸ் அண்டு கிரெல் நிறுவனம் திரும்பவும் செய்தது; அதனால் ஒரு 400என்என்-ஐக் கண்டதும் 1950களின் பேனா என்று துள்ளக் கூடாது. 1952-ல் வந்த 140 என்பது 400-இன் விலை குறைந்த தம்பி. 1955-இன் 120 பள்ளிக்கூடப் பேனா. அதில் இருப்பது தங்க முலாம் பூசிய எஃகு நிப்பு. 585 முத்திரையைத் தேடச் சொல்வது இதற்காகத்தான்.

400-இல் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஒன்று உண்டு. பின்திருகுக்குப் பக்கத்தில், உடம்பின் ஓரத்தில், நிப்பின் அகலம் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இஎஃப், எஃப், எம், பி எல்லாருக்கும் தெரிந்தவை: மிக மெல்லியது, மெல்லியது, நடுத்தரம், அகலம். ஓ என்று தொடங்கினால் நுனி சாய்வாகச் சீவப்பட்டது, கையெழுத்தில் தடிப்பும் மெலிவும் வரும். டி என்று தொடங்கினால் கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவதற்கான விறைப்பான நிப்பு. கே என்றால் நுனி குண்டு போல உருண்டிருக்கும். எஸ்டி என்றால் சுருக்கெழுத்துக்காரர்களுக்கானது. ஒரு பேனாவின் ஓரத்தைப் பார்த்தே அது எந்த மேசையில் வேலை செய்திருக்கும் என்று ஊகிக்கலாம். வைத்திருந்தவர் கணக்குப் பிள்ளையாக இருந்திருப்பார், செயலாளராக இருந்திருப்பார். எனக்கு இந்த எழுத்துகள் அவ்வளவு பிரியம்.

என் பேனாவின் ஓரத்தில் எம் என்று இருக்கிறது. உள்ளே இருந்த நிப்போ சாய்வான, அகலமான ஒன்று. யாரோ மாற்றியிருக்கிறார்கள். அப்படி மாற்ற முடிகிறது என்பதுதான் நான் பெலிகானை எடுத்ததற்கே காரணம்.

400-இல் நிப்பும், அதன் அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் நாக்கட்டையும் ஒரு சிறு வளையத்தோடு சேர்ந்து ஒரே துண்டாகக் கழுத்துக்குள் மரை போட்டு இறங்கியிருக்கும். விரலால் பிடித்து இடப்பக்கம் திருகினால் கழன்று வந்துவிடும். கழற்றிவிட்டால் பேனாவின் வயிறு முழுக்கத் திறந்துகொள்ளும். பிஸ்டனின் முகத்தைப் பார்க்கலாம், பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு உள்சுவரைத் துடைக்கலாம், துளி சிலிக்கோன் கிரீஸ் தடவலாம். பின்பக்க இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். 1929-ல் வந்த தன் முதல் பேனாவுக்காகப் பெலிகான் வாங்கிய பிஸ்டன் காப்புரிமை தேயோடோர் கோவாச் என்ற ஹங்கேரிய பொறியாளருடையது. திருகு கொஞ்சம்தான் மேலே எழும்பும், பிஸ்டன் முழு நீளமும் ஓடும்; அந்த அமைப்பின் சூட்சுமம் அது. அதை வீட்டில் பிரித்துப் பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. பிரிக்க வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.

இன்னும் ஒன்று. இன்றைக்குக் கடையில் விற்கும் பெலிகான் எம்200, எம்400 பேனாக்களின் நிப்புத் துண்டு இந்த எழுபது வயதுப் பேனாவின் மரையில் ஏறி உட்கார்ந்துவிடும். என் பேனாவின் நிப்பு கீழே விழுந்து வளைந்தால் நான் ஆறு மாதம் தேடி அலைய வேண்டாம். இதற்குச் சமமான வசதியை 342-இல் நான் காணவில்லை. அதில் நிப்பும் நாக்கட்டையும் கழுத்துக்குள் இறுகச் செருகப்பட்டவை. பக்குவம் தெரிந்த கை வேண்டும். தளர்த்துவதற்கென்று பழைய பிளாஸ்டிக், செல்லுலாய்டு எதிலும் சூடு காட்டுவது ஆபத்து. செல்லுலாய்டு தீப்பற்றக்கூடிய பொருள் என்பதை மறக்கவே கூடாது.

அப்புறம், தக்கை. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு இங்கேதான் எழுதப்பட்டது.

1950களின் மான்ட்பிளாங்க் பிஸ்டன்களின் தலையில் பெரும்பாலும் தக்கை வளையம் இருக்கும். அந்தக் காலத்து ஜெர்மன் பேனாக்கள் பலவற்றில் அதுதான் வழக்கம். போருக்கு முந்தைய பெலிகான் 100-இலும் தக்கைதான். 400-க்கோ ஆரம்பத்திலிருந்தே செயற்கைப் பொருளால் ஆன அடைப்பு. தக்கை மோசமான பொருள் இல்லை. மை எப்போதும் நனைத்துக்கொண்டே இருக்கும் பேனாவில் அது உப்பி, சுவரோடு பட்டுப்போல ஒட்டி ஓடும். அந்த மிருதுவான ஓட்டம் வேறு எதற்கும் வராது. ஆனால் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் மை பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் போகும், திருகின் இடுக்கில் கசியும், விரலில் ஒட்டும்.

சந்தைக்கு வரும் பேனா எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். தாத்தா இறந்து, வீட்டைக் காலி செய்தபோது மேசை இழுப்பறையில் கிடைத்தது. நாற்பது வருடமாக யாரும் மை ஊற்றவில்லை. தக்கைக்கு இதைவிடக் கெட்ட வாழ்க்கை கிடையாது. 400-க்கு முன்பு நான் வாங்கிய ஒரு பேனா, பெயர் எதுவும் பொறிக்கப்படாதது, அப்படித்தான் வந்தது. விற்றவர் "பிஸ்டன் நன்றாக ஓடுகிறது" என்றார். உண்மைதான், கொஞ்சம் மிஞ்சியே நன்றாக ஓடியது. சுருங்கிய தக்கை சுவரைத் தொடவே இல்லை. வீட்டில் மை ஊற்றிய அரைமணி நேரத்தில் சட்டைப்பை நீலமாகிவிட்டது. தக்கையைக் கடைந்து, மெழுகில் கொதிக்கவைத்துப் போடுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த வேலைக்குக் கொடுக்கும் கூலியைப் பேனா விலையோடு சேர்த்தால்தான் மொத்தக் கணக்கு வரும்.

அண்ணையின் 342-க்குப் புதுத் தக்கை போட்டிருந்தார்கள், ஒரு சொட்டுக்கூட கசியவில்லை. அவர் தினமும் எழுதுகிறவர், ஆகவே தக்கை ஈரமாகவே இருக்கிறது. அந்த நிப்பின் துள்ளலையும் சொல்லியாக வேண்டும். லேசாக அழுத்தினாலே கோடு விரிந்து, விட்டதும் மூடிக்கொண்டது. என் 400-இன் நிப்பும் மென்மைதான், அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அந்தக் காலத்து நிப்புகளில் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒரு 342-ஐ வைத்து எல்லா 342-ஐயும் புகழ எனக்குத் துணிச்சல் இல்லை.

திருப்பிக் கொடுக்கும்போது அண்ணை சொன்னது: "நட்சத்திரம் இருக்கிற பேனையை எடும் தம்பி, பிறகு விக்கிறதெண்டாலும் கவலை இல்லை." மறுவிற்பனையில் அவர் சொல்வது சரிதான். பேனாவே தெரியாதவருக்கும் அந்த நட்சத்திரம் தெரியும். விற்கும் எண்ணத்தோடு வாங்குகிறவர் 342-இல் நிற்காமல் பணம் சேர்த்து 144, 146 பக்கம் போவது நல்லது. நான் விற்கப்போவதில்லை.

ஹனோவரிலேயே பிறந்த இன்னொரு போட்டியாளர் கேஹா. அதன் 790-இல் மை தீர்ந்ததும் நாக்கட்டைக்கு அடியில் இருக்கும் சின்னப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒதுக்கி வைத்த மை கொஞ்சம் வரும். தேர்வு எழுதும் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய உபகாரம்! 1990-ல் பெலிகானே கேஹாவை வாங்கிவிட்டது. என்னிடம் இருப்பது கேஹாவின் பள்ளிப் பேனா மட்டும், அதனால் 790-ஐ இந்தத் தராசில் ஏற்றவில்லை. பணம் குறைவாக இருந்தால் அதைத்தான் முதலில் தேடுவேன்.

400 வாங்குகிறவர்களுக்கு என் கைப்பக்குவம் இது. பின்திருகை உடனே பலமாகத் திருப்பாதீர்கள். நிப்புப் பக்கத்தை அறைச் சூட்டுத் தண்ணீரில் ஒரு இரவு ஊறவிடுங்கள், இறுகினால் இன்னும் ஒரு நாள். காய்ந்த மை சிமென்ட் மாதிரி பிடித்திருக்கும். ஊறாமல் நிப்பைத் திருகினால் எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆன நாக்கட்டையோ வளையமோ விரிசல் விடும். நிப்பையும் நாக்கட்டையையும் சேர்த்துப் பிடித்து, மெல்லத் திருப்ப வேண்டும். நிப்பு மட்டும் சுழன்றால் உடனே நிறுத்திவிட்டு மறுபடி ஊற வையுங்கள். பிறகு தண்ணீரை உறிஞ்சவைத்து, துடைத்து, நிப்பு மேலே பார்க்க ஒரு டம்ளரில் காகிதக் கைக்குட்டை விரித்து நிறுத்துங்கள். காலையில் காகிதம் ஈரமில்லை என்றால் மை ஊற்றலாம். மை சாதுவான நீலமாக இருக்கட்டும், பெலிகான் 4001 ராயல் ப்ளூ போல. இந்தியன் இங்க் என்ற வரைபட மையை மட்டும் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம்.

என் 400 இரண்டு இரவு ஊறிய பிறகுதான் நிப்பை விட்டது. தண்ணீர் முதலில் நீலமாகவும், அடுத்த நாள் பச்சையாகவும், கடைசியில் லேசான சிவப்பாகவும் மாறியது. ஓரத்தில் இருக்கும் எம்முக்குப் பொருத்தமான பழைய நிப்பு ஒன்றைச் சந்தைப் பெட்டிகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும் வரை அந்தச் சாய்ந்த நிப்பிலேயே எழுத்து ஓடுகிறது. என் 'ழ'வின் வளைவு அதில் கொஞ்சம் தடித்து அழகாக விழுகிறது.