வாட்ஸ்அப்பில் வர்க்கமூலம்: எதில் எழுதுவது?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸோ செந்தூலோ, டியூஷன் முடிந்த பிறகும் வகுப்பு வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. "சார், அஞ்சாவது கணக்கு வரல" என்று படிவம் 4 மாணவர் கேட்டால், ஆசிரியர் எதில் எழுதிப் பதில் சொல்வது?

வேகம் என்றால் நேரடியாகத் தட்டுவதுதான். ஆனால் √9+16 என்று அனுப்பினால் ஒருவர் 5 என்பார், இன்னொருவர் 19 என்பார். தாளில் மூலக்குறியின் மேல்கோடே அது எதுவரை என்று காட்டிவிடும். ஒற்றை வரியில் அந்த வேலையை அடைப்புக்குறிதான் செய்ய வேண்டும்: √(9+16). பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி வேண்டாம். 2 *3* 4 என்று இடம் விட்டு எழுதினால் வாட்ஸ்அப் குறிகளை விழுங்கிவிட்டு 3-ஐத் தடித்த எழுத்தாக்கிவிடும். × போடுங்கள். பல கைப்பேசிகளில் 2-ஐ அழுத்திப் பிடித்தால் ² கிடைக்கும். பின்னத்துக்குள் பின்னம் வந்தால் இந்த வழியை அங்கேயே விட்டுவிடலாம்.

அப்புறம் இருப்பது கையால் எழுதிப் படம் பிடிப்பது. மாணவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பேன். அடித்தல் திருத்தலோடு வருவதால், எந்தப் படியில் சறுக்கினார் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஆசிரியருக்குத்தான் நஷ்டம்: எண்ணை மட்டும் மாற்றி அடுத்த ஆண்டுக்கு அதே கேள்வியைப் பயன்படுத்த முடியாது.

பயிற்சித்தாளுக்கு வேர்ட். விண்டோஸில் ஆல்ட்டையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். 1/2 தட்டி இடைவெளி விட்டால் அதுவே மேலும் கீழுமாகப் பின்னமாகும். தமிழும் சிக்கலில்லாமல் கலக்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இது பெரிய விஷயம். அனுப்பும்போது மட்டும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், கைப்பேசியில் கலையாது. கூகுள் டாக்ஸிலும் சமன்பாடு உண்டு, சின்னத் தேவைக்குச் சரி.

கணக்கை ஆணைகளாகத் தட்டினால் அச்சுப் புத்தகம் போலப் பக்கமாக்கித் தரும் லாடெக்கின் (LaTeX) அழகு வேறு ரகம். கணினி அறிஞர் டோனல்ட் கனூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் மேல் 1980களில் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பியது; ஓவர்லீஃப் என்ற இணையதளத்தில் உலாவியிலேயே எழுதலாம். தமிழ் வேண்டுமென்றால் அங்கே கம்பைலரை, அதாவது ஆணைகளைப் பக்கமாக்கும் நிரலை, ஜீலாடெக்குக்கு (XeLaTeX) மாற்றித் தமிழ் எழுத்துருவையும் குறிப்பிட வேண்டும். ஆணைகளைப் பழகவும் நாளாகும். வாட்ஸ்அப்பில் ஒட்டினாலோ, வெறும் சாய்கோடும் நெளிவு அடைப்பும்தான் மாணவருக்குத் தெரியும். மாதம் ஓரிரண்டு தாள் தயாரிப்பவருக்கு இவ்வளவு பாடு எதற்கு? வேர்டே போதும். படிவம் 5 மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் கூடுதல் கணிதத்துக்குக் கேள்வி வங்கி சேர்த்து, ஆண்டுதோறும் எண்களை மாற்றி எடுப்பவர் என்றால் ஒரு பள்ளி விடுமுறையை லாடெக் பழக ஒதுக்கலாம்.